பேர் சொல்லாதது

ஆரணியில் அந்த வண்டுக்குப் பெயர் கிடையாது.

எள்ளைவிடச் சற்றே பெரிய வண்டு அது. மடித்து வைத்த பட்டுப் புடவையின் உள்மடிப்பில் முட்டையிடும். அதன் புழு வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துத் தின்னும். தின்ற இடத்திலேயே மயிரடர்ந்த தோலை உரித்துப் போட்டுவிட்டு, வெளிமடிப்பை மட்டும் தொடாமல் விட்டுவிடும். பெட்டியைத் திறப்பவருக்குப் புடவை முழுதாகவே தெரியும். கையில் எடுத்தால்தான் உதிரும்.

பட்டை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. இருந்தும் நெசவுத் தெருக்களில் ஒருவரும் அதைப் பெயரிட்டு அழைப்பதில்லை. “அது பூந்துட்டுச்சி” என்பார்கள், கேட்பவருக்குப் புரிந்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டை யாரும் தண்டோரா போட்டு அறிவித்ததில்லை. மீறியவனிடம் யாரும் சண்டைக்கு வந்ததுமில்லை. மறுநாள் அவன் தறிக்குப் பாவு நூல் வராது, அவ்வளவுதான்.

ஊரின் பாதித் தறிகளுக்குப் பாவு கொடுப்பவர் தணிகாசலம். அந்த வண்டின் பெயர் அவருடைய தகப்பனாரின் பெயர்.

அந்தப் பெயர் வண்டுக்குப் போன வரலாற்றை இத்தொடரைப் படித்து வருபவர்கள் அறிவார்கள்; மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. ஐம்பது வருடங்களுக்கு முன், தணிகாசலத்தின் தகப்பனாருக்குத் திருமலை என்றொரு தம்பி இருந்தார். புடவைக் கரைகளுக்கு மாதிரி எழுதித் தருவது அவர் தொழில். கோட்டைப் பட்டாளத்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அவருடைய கைவாகைப் பார்த்து, படவேட்டுக் காட்டிலும் ஆற்றங்கரையிலும் தாம் பிடித்த பூச்சிகளை வரைந்து தரச் சொன்னார். கொஞ்ச காலத்தில் திருமலை ஞானஸ்நானம் பெற்றுச் சவரிராஜ் ஆனார். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. நாகநதிக் கரையில் வைக்கோல் உருவம் ஒன்றைக் கிடத்திக் கொள்ளி வைத்து, உயிரோடிருந்த தம்பிக்குக் கருமாதி செய்து முடித்தார்.

அடுத்த வாரம் டாக்டர் ஒரு படத்தைக் காட்டி, பட்டை அரிக்கும் இந்த வண்டை ஊரில் எப்படி அழைக்கிறார்கள் என்று சவரிராஜைக் கேட்டார். சவரிராஜ் அண்ணன் பெயரைச் சொன்னார்.

சீமையில் அச்சாகி வந்த அந்தப் பெரிய புத்தகத்தில், வர்ணப் படத்தின் கீழே லத்தீன் பெயர், இங்கிலீஷ் பெயர், சுதேசிகள் வழங்கும் பெயர் என்று மூன்றும் வரிசையாக இருந்தன. சுதேசிப் பெயரின் பொருளையும் டாக்டர் விசாரித்து அறிந்திருந்தார். தங்கள் பிழைப்பைக் கெடுக்கும் பூச்சியைக்கூட இம்மக்கள் எவ்வளவு கனிவாக அழைக்கிறார்கள் என்று வியந்து ஒரு வரி சேர்த்திருந்தார். கோட்டைத் துபாஷி அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டிய நாளிலிருந்து, ஆரணித் தறித்தெரு முழுக்க அந்தப் பெயராயிற்று. பெரியவர் இறக்கும்வரை தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

பேரன் என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்ற பொருளில் பிறந்தது. அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சுமக்க ஒரு பேரனும் இல்லை. தணிகாசலத்தின் மகனுக்கு ஜெயவேல் என்று வைத்தார்கள்.

தணிகாசலம் புத்தகம் சேர்க்கத் தொடங்கியது இதனால்தான். சென்னையிலும் வேலூரிலும் துரைமார் ஊர் திரும்பும்போதும் இறக்கும்போதும் நடக்கும் பங்களா ஏலங்களில், அந்த ஒரு புத்தகத்தின் பிரதிகளைத் தேடி எடுத்தார். அதை மட்டும் கேட்டால் காரணம் வெளிப்படும் என்று பறவைப் புத்தகங்களையும், பாம்புப் புத்தகங்களையும், கையால் வர்ணம் தீட்டிய மீன் படங்களின் பெருந்தொகுதிகளையும் சேர்த்து வாங்கினார். கண்ணாடி பீரோக்கள் நிறைந்தன. கலெக்டர் துரையே ஒருமுறை வந்து பார்த்து, இவர் பெரிய சாஸ்திரப் பிரியர் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். தணிகாசலத்துக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் காலப்போக்கில் தாளைத் தடவி அதன் வயதைச் சொல்லவும், படத்தின்மேல் கிடக்கும் மெல்லிய காப்புத்தாளை மூச்சு படாமல் தூக்கவும் பழகியிருந்தார். மீன்கொத்திப் படம் ஒன்றை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதை வீட்டார் கண்டிருக்கிறார்கள்.

வண்டுப் புத்தகத்தின் பிரதி கிடைத்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். கோல் வைத்து, பேனாக்கத்தியால் அந்த ஒரு படத்தாளை அறுத்தெடுத்துவிட்டுப் புத்தகத்தை பீரோவில் வைத்துவிடுவார். அறுத்ததை எரித்துவிடுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் மகள் காசியம்மாளின் கணவன் வேணுகோபால் நல்ல நெசவாளி, வாய்தான் அடங்காது. ஒருநாள் பாவு நிறுக்கும் இடத்தில் அரித்துப் போய்த் திரும்பி வந்த ஒரு புடவையை விரித்துக் காட்டி, அந்தப் பெயரைச் சொல்லி, “வந்துட்டுப் போயிருக்காரு, காசி. ஒரு வாய் மோராவது குடுத்து அனுப்பிருக்கலாம்” என்றான். தெரு முழுக்கச் சிரித்தது. மறுநாள் அவன் தறிக்குப் பாவு வரவில்லை. ஊரில் வேறு யாரும் கொடுக்கவும் துணியவில்லை. தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனான். சில காலம் கண்ணமங்கலத்து வண்டிக்காரர்கள் மூலம் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. காசியம்மாள் தகப்பன் வீட்டுக்கே திரும்பி, புத்தக அறையைத் தூசி தட்டும் வேலையில் அமர்ந்தாள்.

சென்ற வாரம் அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். புரோகிதரிடம் தணிகாசலம் வைக்கோல் சொல்லியிருந்தார். ஜெயவேலின் குழந்தைக்குப் பெயர் சூட்டிய மறுநாள், காணாமற்போன மருமகனுக்குக் கருமாதி.

*

தை வெள்ளி. வாசலில் மாவிலை கட்டியாகிவிட்டது.

குழந்தையின் தாய் கமலம் உள்ளறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காசியம்மாள் குழந்தைக்கு மை வைத்தாள்.

“உங்க நைனா ரெண்டு தபா வந்துட்டுப் போயிட்டாரு, அண்ணி” என்றாள் கமலம். “காசிக்குப் பேரு ஞாபகம் கீதான்னு என்னைக் கேக்கறாரு. வேலாயுதம், வேலாயுதம்னு சொல்லிகினே இருக்காரு. பிள்ளைக்கே பாடமாயிருக்கும், நீங்க சொல்ல வோணாம்.”

காசியம்மாள் சிரித்தாள். குழந்தைக்குப் பெயரைக் காதில் ஓதுவது அத்தையின் உரிமை. கணவன் உயிரோடிருக்கிற அத்தைக்குத்தான் அந்த உரிமை. கருமாதியை மறுநாளுக்குத் தள்ளி வைத்த தகப்பனாரின் கணக்கு அவளுக்குப் புரியாமல் இல்லை.

குழந்தையின் மணிக்கட்டில் வசம்புத் துண்டுகளைக் கோத்த வளையம் இருந்தது. வசம்பைப் பெண்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பேர் சொல்லாதது என்பார்கள். பிள்ளைக்கு வயிற்று மருந்தும் அதுதான். பட்டுக்கும் புத்தகத்துக்கும் பூச்சி அண்டாமல் காப்பதும் அதுதான். அந்த வீட்டில் பூச்சிக்கும் பெயரில்லை, அதன் மருந்துக்கும் பெயரில்லை.

“இந்தப் பேர் சொல்லாதது நல்ல காரமா கீது” என்று கமலம் முகர்ந்து பார்த்தாள். “எங்க வாங்கினீங்க?”

“வூட்ல இருந்ததுதான்” என்றாள் காசியம்மாள்.

இருந்த இடத்தை அவள் சொல்லவில்லை. ஆடி மாதத்தில், ஏலத்தில் வந்த பறவைத் தொகுதி ஒன்றின் தோல் முதுகு விரிந்திருந்ததைப் பார்த்தாள். விரிசலுக்குள் உரித்துப் போட்ட மயிர்த் தோல்கள். எதற்காக இத்தனை புத்தகங்களை அப்பா சேர்த்தாரோ, அதுவே அந்தப் புத்தகங்களின் தோலுக்குள் உட்கார்ந்து வீட்டுக்கு வந்திருந்தது. ஓடிப்போய்ச் சொல்லத்தான் எழுந்தாள். எதைச் சொல்வது? ஊரில் ‘அது’ என்றாவது சொல்லலாம்; அந்த வீட்டில் அதுவும் கிடையாது. நடைவரை போனவள் நின்றாள். சொல்லக்கூடாது என்பதுதானே கட்டளை.

அதே வாரம், இறந்துபோன பாட்டனாரான பெரியவரின் பெட்டியை வெயில் காட்டுவதற்காகத் திறந்தார்கள். அவருடைய கல்யாணப் பட்டு வேட்டி அதில் இருந்தது; வம்சத்துப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது அந்த வேட்டியில்தான். அடியில், பட்டுத் துணியில் பொதிந்து எதையோ வைத்திருந்தார்கள். அதைத் தொட அவளுக்கு அனுமதியில்லை. அவள் அதைத் தொடவில்லை. வசம்பு முடிச்சை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு, அதன் இடத்தில் பறவைப் புத்தகத்தின் முதுகிலிருந்து கழன்ற, புழு ஒளிந்திருந்த ஒரு தோல் துண்டை மடிப்புக்குள் நுழைத்தாள். தகப்பனார் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

வேணுகோபால் போனபிறகு அவள் நிம்மதியாகத் தூங்கிய முதல் நாள் அதுதான்.

*

விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தபோது தாவீது ரயிலடியிலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். சவரிராஜின் பேரன். முறையாகப் பார்த்தால் தணிகாசலம் அவனுக்குப் பெரியப்பா. அவன் முதலாளி என்றுதான் அழைப்பான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவன், ஏலத்துக்குப் போகவும் படத்தாள்களைச் சரிபார்க்கவும் தணிகாசலத்திடம் வேலை பார்த்தான். தாத்தாவின் கையைப் பார்க்கலாம் என்ற ஒரே ஆசையில் வந்தவன், சாத்திய கதவுக்குள் உடனிருந்து ஒவ்வொரு பிரதியிலும் அது அறுபடுவதைப் பார்த்து நின்றவன்.

துணியில் சுற்றிய புத்தகத்தோடு அவன் அறைக்குள் வந்தபோது காசியம்மாள் மட்டும் இருந்தாள்.

“அதுவா?” என்றாள்.

“அதாங்கா. வேலூர்ல ஒரு கர்னல் பங்களா ஏலம். நம்ம பக்கத்துல இனிமே இல்ல, இதான் கடைசி.”

“பிரி. எனக்குக் காட்டு.”

அவன் வாசலைப் பார்த்தான். கூடத்தில் தணிகாசலம் யாரையோ உபசரிக்கும் குரல் கேட்டது. புத்தகத்தை மேஜையில் கிடத்தி, பழகிய விரல்களால் பக்கங்களைத் தள்ளி, காப்புத்தாளைத் தூக்கினான்.

அவளுடைய வாழ்க்கையைக் கெடுத்த படத்தை அவள் அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வண்டு, நகையைப் போலக் கிடந்தது. கறுத்த முதுகில் வெண்மையும் பொன்னிறமும் கலந்த செதில்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீட்டப்பட்டவை. கரை மாதிரி எழுதியவரின் கை என்பது நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லாமலே தெரிந்தது. முதுகின் நடுவே ஓடிய வளைவு, அவள் கல்யாணப் புடவையின் கரையில் ஓடும் அதே வளைவு.

“இத்தாம் பெருசா இருக்குமா?”

தாவீது படத்தின் ஓரத்தில் விரலை வைத்தான். அங்கே மயிரிழையாக ஒரு சின்னக் கோடு இருந்தது.

“கண்ணாடி வெச்சிப் பாத்துப் பெருசு பண்ணி வரைஞ்சது. நெசமான அளவு இந்தக் கோடுதான். எல்லாப் படத்துலயும் பக்கத்துல போட்டிருப்பாங்க. பாக்கறவங்க யாரும் கோட்டைப் பாக்கறதில்ல.”

அவள் கோட்டைப் பார்த்தாள். ஒரு சிரிப்புக்காக ஒருவன் ஊரை விட்டுப் போனதை நினைத்தாள்.

“இதை வெட்ட வுடாத, தாவீது.”

“நான் சொல்லி நிக்கறவராக்கா அவரு.”

நிழல் விழுந்தது. தணிகாசலம் நிலைப்படியில் நின்றார். ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். மகளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கோபம் காட்டவில்லை. அவருக்குக் கோபமே வருவதில்லை என்பது ஊரில் அவரைப் பற்றிய பயத்தின் பெரும்பகுதி.

“தாளெல்லாம் சரியா கீதா?” என்று தாவீதைக் கேட்டார்.

“ஒண்ணும் குறையில்லீங்க, முதலாளி. முழுசு.”

“அப்ப குறைச்சிடலாம்” என்று கத்தியை எடுத்தார்.

கோலை ஒட்டிக் கத்தி இறங்கியது. அடுத்த தாளில் கீறல்கூட விழாத கை. சீமையில் இன்னும் எத்தனை பிரதிகள் இருக்குமோ என்று தாவீது மெல்ல முணுமுணுத்தான். சீமையில் யாருக்கு ஆரணிப் பாஷை தெரியும் என்று அவர் நிமிராமலே பதில் சொன்னார். படம் கையோடு வந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். ஏதோ நீண்ட பயணம் முடிந்து இறங்கியவரைப் போல அவர் முகம் தளர்ந்திருந்தது.

காசியம்மாள் அந்த முகத்தைக் கண்டாள். கேட்பதென்றால் இப்போது கேட்க வேண்டும். அவர் இணங்கினால் பெட்டியைத் திறக்க விடாமல் எப்படியாவது தடுத்துவிடலாம்; வேறு துணி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

“நைனா, இதோட தீந்துடுச்சி இல்ல. அவரைத் தேடி ஆளு அனுப்பலாமா? தங்கவயலு இன்னா தூரமா. இன்னிக்கி நல்ல நாளு.”

தணிகாசலம் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

“செத்தவனைத் தேடி யாரும் ஆளு அனுப்பறதில்லம்மா.”

“செத்ததை யாரு பாத்தாங்க?”

“எங்க அப்பா யாரைக் கேட்டுகினு கொள்ளி வெச்சாரு?” தாவீது அங்கே நிற்பதை அவர் மறந்துவிடவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். “இன்னிக்கி அத்தை வோணும், உன்னை உக்கார வெக்கிறேன். நாளைக்கிக் காலைல தலை முழுகிடு.”

அவர் போனபிறகு, அறுபட்ட இடத்தைத் தாவீது விரலால் தடவிக்கொண்டிருந்தான். காசியம்மாள் தாலியைப் புடவைக்குள் இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் அழவில்லை. பெட்டியை இனி யார் திறந்தாலும் தடுப்பதில்லை என்று முடிவு செய்ததில் ஒருவகைத் தெளிவு வந்திருந்தது.

*

கூடம் நிறைந்திருந்தது. பாவு வாங்கும் நெசவாளர்கள் பின்வரிசையில் சுவரை ஒட்டி நின்றார்கள். விட்டத்தில் தொட்டில் கயிறு தொங்கியது. வேளை நெருங்குவதாகப் புரோகிதர் சொன்னார். ஜெயவேல் பெரியவரின் பெட்டியைத் தானே தூக்கி வந்து நடுவில் வைத்தான்.

தணிகாசலம் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, கைகூப்பினார்.

வேட்டி முழுதாகத்தான் தெரிந்தது. மேல்மடிப்பில் ஜரிகைகூட மங்கவில்லை. இரண்டு கைகளாலும் அதை அள்ளித் தூக்கினார். தூக்கிய கைகளில் மேல்மடிப்பும் ஜரிகையும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் பழுப்புத் தூளாகப் பெட்டிக்குள் கொட்டியது.



தூளின் அடியில் அடுக்காகச் சில தாள்கள் கிடந்தன. அவற்றைப் பொதிந்திருந்த பட்டுத் துணியும் தின்னப்பட்டுப் போயிருந்தது. வண்டு பட்டைத்தான் தின்றது. தாளையும் வர்ணத்தையும் தொடவில்லை. வெவ்வேறு ஏலங்களில் வாங்கி, வெவ்வேறு ஆண்டுகளில் அறுத்த அதே படம். ஒவ்வொரு தாளிலும் அதே வண்டு, பொன்செதில்களோடு, கூடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கதவோரம் நின்ற தாவீது ஓரடி முன்னால் வந்து பார்த்தான். அவர் எரிக்கவில்லை. தகப்பன் பெயர் எழுதிய தாளுக்கு அவரால் தீ வைக்க முடிந்ததில்லை.

காசியம்மாளுக்கும் அது புதிது. அந்தப் பொட்டலத்தில் அவர் எதைப் பத்திரப்படுத்தினார் என்பது தெரிந்தபோது, எதிர்பாராத ஓர் இரக்கம் எட்டிப் பார்த்தது. நாளைய வைக்கோலை நினைத்து அதை அடக்கினாள்.

“இன்னா இது?” என்றார் தணிகாசலம். குரல் உயரவில்லை. “எது துன்னுச்சி இதை?”

பதில் எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் அதைக் கண்டவர்கள்தான். பின்வரிசை நெசவாளர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமி, செருமியதற்கே பயந்து நிறுத்திக்கொண்டார். தணிகாசலம் மறுபடி கேட்டார். தாம் நாற்பது ஆண்டுகளாகக் கட்டி வளர்த்த மௌனத்திடமே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கு மிகவும் விசுவாசமாக இருந்தது.

வேளை தப்பிப் போகிறது, தொட்டிலுக்கு வேறு பட்டு ஏதாவது கொண்டுவாருங்கள் என்று புரோகிதர் தவித்தார். ஜெயவேல் சரக்கறைக்கு ஓடினான். ஜாகீர் அரண்மனைக் கல்யாணத்துக்காக ஊரின் பாதித் தறிகள் நெய்து கொடுத்த புடவைகள் அங்கே அடுக்கியிருந்தன. புத்தக அறைக்கும் சரக்கறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவுதான்.

காசியம்மாள் எழுந்துபோய்த் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்து வந்தாள். வேணுகோபால் தானே தறியில் உட்கார்ந்து அவளுக்கென்று நெய்தது. அரக்கு உடல், கரையில் அந்த வளைவு. ஓர் இழை பிசகாமல் இருந்தது. யாரையும் கேட்காமல் அதையே தொட்டிலாகக் கட்டினாள். தடுக்கத் தணிகாசலத்துக்கு நேரமில்லை. அவர் இன்னும் கையிலிருந்த ஜரிகைத் துண்டைக் கீழே வைக்கவில்லை.

கமலம் குழந்தையை அவள் மடியில் கொடுத்தாள்.

அப்போது ஜெயவேல் திரும்பி வந்தான். கையில் பட்டு இல்லை. சரக்கறைக் கதவைச் சாத்திவிட்டு, அதை யாரும் திறந்துவிடக் கூடாது என்பதுபோல முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றான். வலதுகை விரல்களில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது.

காசியம்மாள் அந்த விரல்களைப் பார்த்தாள்.

ஒரு பெட்டிக்காக அவள் சொல்லாமல் மறைத்தது ஒரு பெட்டியோடு நின்றுவிடவில்லை. பின்வரிசையில் நிற்பவர்களின் ஒரு வருட உழைப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் வேணுகோபாலோடு சேர்ந்து சிரித்தவர்கள், மறுநாள் வாய்மூடியவர்கள், இருந்தாலும் அவர்கள்மேல் அவளுக்குப் பகை இருந்ததில்லை. இனியும் யாரும் பெயர் சொல்லாமல் இருந்தால், யாரும் வசம்பு இடிக்கப் போவதில்லை. யாரும் மூட்டைகளை வெயிலுக்கு இழுக்கப் போவதில்லை. ‘இன்னா இது’ என்று கேட்டுக்கொண்டே இந்த வீடும் தெருவும் தூளாகிப் போகும். சொன்னால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் அவளிடம்தான் பதில் இருந்தது.

“அத்தை பேர் சொல்லலாம்” என்றார் புரோகிதர். “காதுல மூணு தரம்.”

“வேலாயுதம்” என்று தணிகாசலம் மகளுக்கு நினைவூட்டினார்.

காசியம்மாள் குனிந்தாள். குழந்தை வசம்பு வளையத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் காதில் மெல்ல ஒரு பெயரைச் சொன்னாள். அது வேலாயுதம் இல்லை என்பது அருகிலிருந்த கமலத்துக்கு மட்டும் கேட்டது. அவள் கண்கள் விரிந்தன. ஆனால் பிள்ளையைப் பிடுங்க அவள் கை நீட்டவில்லை.

இரண்டாம் முறைக்குக் குனியாமல் காசியம்மாள் நிமிர்ந்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து, தகப்பனாரையும் பெட்டியையும் ஒருசேரப் பார்த்தாள்.

“எது துன்னுச்சின்னு கேட்டீங்களே, நைனா. பேரும் சொல்லச் சொல்றீங்க. ரெண்டுக்கும் சேத்தே சொல்லிடறேன்.”

பின்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று.

சுவரோரம் நின்ற கடைசி நெசவாளிக்கும் எட்டும் குரலில், ஓர் எழுத்தும் விழுங்காமல் அவள் சொன்னாள்.

“சின்னப்பையன்.”